இரவுக் காட்சி இல்லை

நாங்கள் அந்த ஜவ்வரிசி ஆலையில் போய் இறங்கியது மண்டையைப் பிளக்கும் வெயிலில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை என்றதும் மழை, மின்வெட்டு, நடுநிசி என்று நீங்களாகவே ஒன்றை நினைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். அப்படி எதுவும் கிடையாது. ராசிபுரத்தில் ஆளுக்கொரு கரும்புச் சாறு குடித்துவிட்டு, வாடகை வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனோம். எங்களில் ரஞ்சனி மட்டும் இரண்டு கரும்புச் சாறு குடித்தாள்.

என் பெயர் தௌசீப். சேலத்தில் விஸ்காம் கடைசி வருஷம். ஒலிப்பதிவு என் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "யாரும் பேசாதீங்க, யாரும் நடக்காதீங்க, அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதீங்க" என்று எல்லோர் உயிரையும் வாங்குகிறவன். எங்கள் அத்தா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மகன் மைக் செட்டுக்குப் படிக்கிறான் என்றுதான் இன்றுவரை ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசி வருஷ புராஜெக்டுக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். எங்கள் வித்யா மேடம் கொடுத்த தலைப்பு திரில்லர். "வழக்கமா திரில்லர்ல என்னென்ன பண்ணுவாங்களோ அதுல கொஞ்சத்தைப் பயன்படுத்துங்க. கொஞ்சத்தை உடைங்க. எதை எதுக்கு உடைச்சீங்கன்னு வைவாவில கேப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் இயக்குநர் ஜெயப்பிரியாவுக்கு இது வெல்லம் சாப்பிட்ட மாதிரி. பேய்ப் படம் பார்க்கப் போனால் சத்தமாகச் சிரித்துப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் திட்டு வாங்குகிற ஆள் அவள். கேன்டீனில் உட்கார்ந்து எங்களுக்கு வகுப்பே எடுத்தாள்.

"இருட்டுல யாரு வேணா பயமுறுத்தலாம்டா. கரண்ட் பில் கட்டலைன்னாகூட எங்க ஊடு அப்படித்தான் இருக்கும். நம்ம படத்துல நைட் சீனே கிடையாது. மியூசிக் கிடையாது. கொலுசு, மல்லிகைப்பூ, கதவு கிறீச், ஒண்ணும் கிடையாது."

ரஞ்சனி உடனே மார்க்கரை எடுத்து கிளாப் பலகையின் பின்பக்கத்தில் 'நைட் சீன் கிடையாது' என்று பெரிதாக எழுதி, கீழே ஒரு சூரியனையும் வரைந்தாள்.

"அப்புறம் எதை வெச்சுத்தான் பயமுறுத்துவ?" என்றான் யோகேஷ். அவன் கேமராக்காரன்.

"எல்லாப் படத்துலயும் ஒரு சீன் வரும் பாரு. உள்ள போனவளப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்க. பதில் வராது. தியேட்டரே பயந்துக்கும். நம்ம படத்துல கூப்புடற ஒவ்வொரு தடவையும் பதில் வரும்."

"பதில் வந்தா என்ன பயம்?"

"பதில் வந்துட்டே இருக்கும். ஆளு வரமாட்டா. அதான் பயம்."

அந்த யோசனை அவளுக்கு வந்ததே அந்த ஆலையில்தான். யோகேஷின் பெரியப்பா தண்டாயுதபாணிக்குச் சொந்தமான ஆலை. ராசிபுரத்தைத் தாண்டி, சுற்றிலும் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் சில வருஷங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. இடம் பார்க்கப் போனபோது காவல்காரர் குழந்தைவேல், ஆலை ஓடிய காலத்துப் பழக்கம் ஒன்றைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். கிழங்கை அரைத்த பாலைத் தேக்கி மாவைப் படிய வைக்கும் பெரிய தொட்டிகளைக் கழுவ யாராவது உள்ளே இறங்கினால், மேலே ஒருவர் நின்றுகொண்டு அவ்வப்போது பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் 'இருக்கறேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். புளித்த மாவில் கிளம்பும் வாயு ஆளை மயக்கிவிடும் என்பதால் அப்படி. ஜெயா அதை அப்படியே படத்துக்கு எடுத்துக்கொண்டாள். தங்கை தொட்டிக்குள் இறங்குகிறாள், அக்கா மேலிருந்து கூப்பிடுகிறாள், தங்கை பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அக்காவின் குரல் ஜெயாவே. தங்கை ரஞ்சனி. பாத்திரத்துக்குத் தனிப் பெயர் வைக்கக்கூட ஜெயாவுக்குப் பொறுமை இல்லை. படத்திலும் அவள் ரஞ்சனிதான்.

ரஞ்சனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளம்பிள்ளையில் அவள் அப்பா தறி ஓட்டுகிறார். சினிமா என்றால் விடமாட்டார்கள் என்று ஜவ்வரிசி பற்றி டாக்குமெண்டரி எடுக்கிறோம் என வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள். எங்கள் நாலு பேரில் நல்ல மனசு அவளுக்குத்தான். யாருடைய படம் என்றாலும் நடித்துக் கொடுப்பாள், காசு கேட்க மாட்டாள், சாப்பாடு மட்டும் கேட்பாள். அவள் மூச்சு விட்டால் மூக்கில் சன்னமாக ஒரு விசில் சத்தம் வரும். சைனஸ். சட்டைக் காலரில் குத்துகிற மைக்கை அவளுக்கு மாட்டினால் அந்த விசில்தான் முதலில் என் காதில் விழும். 'பிரஷர் குக்கர்' என்று பெயர் வைத்திருந்தேன். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

ஆலைக்குள் நுழைந்ததும் அந்த வாசம் வந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தும் போகாத புளிப்பு வாசம். பழைய சோற்றுத் தண்ணீரை மறந்துபோய் வெயிலில் வைத்த மாதிரி. ஜவ்வரிசி காயப்போடும் களம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்தது. ஒரு மரம் கிடையாது, ஒரு காக்கா கிடையாது.

தொட்டி களத்தின் ஓரத்தில் இருந்தது. ஆள் உயரத்தைவிட நல்ல ஆழம். இரும்பு ஏணி. நடுவில் ஒரு குறுக்குச் சுவர், அதில் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வழி. சுவருக்கு இந்தப் பக்கம் திறந்த வெளி, வெயில் தரையில் பளிச்சென்று விழுகிறது. அந்தப் பக்கத்துக்கு மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தது. ரஞ்சனி ஏணியில் இறங்கி, அந்த வழியாகக் குனிந்து உள்ளே போய்விட வேண்டும். கேமரா மேலேயே நிற்கும். வெயில் விழும் வெறும் தரையையும் அந்த வழியையும் மட்டும் ஒரே ஷாட்டாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"நான் கட் சொல்ற வரைக்கும் நீ வெளிய வரக்கூடாது" என்றாள் ஜெயா. "நடுவுல பல்லி விழுந்தாலும் சரி."

"பாம்பு வந்தா?"

"அதையும் நடிக்கச் சொல்லு."

ரஞ்சனி சிரித்துக்கொண்டே காலரில் மைக்கைக் குத்திக்கொண்டாள்.

எந்த இடத்துக்குப் போனாலும் ஷாட்டுக்கு முன்னால் அந்த இடத்தின் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வது எங்கள் தொழில் வழக்கம். எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். என் ஹெட்போனில் இடது காதுக்கு ரஞ்சனியின் காலர் மைக், வலது காதுக்கு நான் கையில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக். பூமைத் தொட்டியின் வாய்க்கு மேலே நீட்டினேன். இடது காதில் விசில். வலது காதில் காற்று.

பிறகு வலது காதில் ஒரு சுரண்டல்.

தகரத் தட்டால் சிமெண்டை நிதானமாக வழிக்கிற சத்தம். சற்று நின்றது. மறுபடி வழித்தது.

"உள்ள யாராவது இருக்காங்களாண்ணா?" என்று குழந்தைவேலிடம் கேட்டேன். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எலியா இருக்குமுங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்து களத்தின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ரோலிங்" என்றான் யோகேஷ்.

"ஆக்‌ஷன்."

ரஞ்சனி இறங்கினாள். தரையில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து அந்த வழிக்குள் மறைந்தாள்.

"ரஞ்சனி!" ஜெயா கூப்பிட்டாள்.

"இருக்கறேன்!"

இடது காதில் பக்கத்திலிருந்தும், வலது காதில் தொட்டியின் எதிரொலியோடும் அந்தக் குரல் கேட்டது. ரொம்ப நன்றாக இருந்தது. ஜெயாவுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவள் இஷ்டத்துக்கு இடைவெளி விட்டு மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பதில் வந்தது. வெயில் தரையில் அசையாமல் கிடந்தது. ஒன்றுமே நடக்காத அந்தத் தரையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஜெயா சொன்னது சரிதான், பெரிய ஆளாகத்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது இடது காதில் ரஞ்சனி இருமினாள். விசில் நீளமாக இழுத்தது. துணி உரசியது. மெத்தென்று ஏதோ விழுந்தது.

அதன் பிறகு இடது காதில் விசில் இல்லை.

"ரஞ்சனி!"

"இருக்கறேன்!"

வலது காதில் மட்டும்.

மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ரிசீவரைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஜெயா அடுத்த முறை கூப்பிட்டபோது, அவள் குரல் இடது காதிலும் கேட்டது. மேலே தூரத்திலிருந்து கூப்பிடுவது மாதிரி. ரஞ்சனியின் நெஞ்சில் இருக்கும் மைக் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வந்த ஜெயாவின் குரலைக்கூட அது பிடிக்கிறது.

அதற்கு வந்த பதிலைத்தான் அது பிடிக்கவில்லை.

என் முதுகு ஜில்லென்றது. அந்த வெயிலில்.

கையை ஆட்டினேன். ஜெயா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஷாட் ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருப்பவன் நான்தான். அந்தப் பழக்கம் என் வாயையும் கட்டிப்போட்டது. இன்னொரு முறை கூப்பிடட்டும், கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

ஜெயா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அவள் கூப்பிடவில்லை. அதற்குள் கீழேயிருந்து,

"இருக்கறேன்!"

"ஜெயா, அது ரஞ்சனி இல்ல" என்று கத்திவிட்டேன்.

"டேக்கையே கெடுத்துட்டியேடா! இப்பத்தான பேசினா?"

"அவ மைக்குல ஒண்ணும் வரல. மூச்சுகூட வரல."

ஜெயா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு, கதையில் இல்லாத வார்த்தைகளைச் சொன்னாள்.

"ரஞ்சனி, போதும். நல்லா இருக்கறயா?"

"இருக்கறேன்!"

"வெளிய வா. மூஞ்சியக் காட்டு."

"இருக்கறேன்!"

"உங்கப்பா பேரு என்ன?"

"இருக்கறேன்!"

அதே குரல், அதே நீளம், அதே சுரம். ஒரு துண்டை வெட்டி வெட்டி ஒட்டினால் அப்படித்தான் இருக்கும்.

யோகேஷ் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். குழந்தைவேல் கயிற்றோடு ஓடி வந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. யோகேஷ் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். கருப்புச் சகதியில் குப்புறக் கிடந்தாளாம். கயிற்றைக் கட்டி மேலே தூக்கினோம். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, உதடு நீலம். தலைமுடியில் பழைய மாவு வெள்ளையாக அப்பியிருந்தது. ஜெயா அவளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் அடித்து அடித்து அழுதாள்.

"ரஞ்சனி! ரஞ்சனி! சாமி, கண்ணத் தொறடி!"

"இருக்கறேன்!"

மடியில் இருந்தவளின் உதடு அசையவில்லை. சத்தம் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. ஹெட்போன் தேவைப்படவில்லை. எல்லோரும் கேட்டோம். குழந்தைவேல் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"ரஞ்சனி!" ஜெயா வீறிட்டாள்.

மடியில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"இருக்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம் தொட்டியிலிருந்து பதில் வரவில்லை. அதை நாங்கள் நல்லது என்று எடுத்துக்கொண்டோம்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடியில் தேங்கிய பழைய கழிவிலிருந்து விஷவாயு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். ரஞ்சனியின் அப்பா தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். பெரியப்பா தண்டாயுதபாணி எங்கள் நாலு வீட்டுக்கும் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இனி ஒருத்தரும் அதில் இறங்கக் கூடாது என்று, மறுநாளே டிப்பர் டிப்பராகச் செம்மண் கொண்டுவந்து கொட்டித் தொட்டியை மட்டமாக மூடிவிட்டார். உள்ளே மூடியிருந்த பகுதியின் பலகையை உடைத்து அதையும் நிரப்பினார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தைவேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கோணும்ங்க. மொதலாளி சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ஆலை மூடறதுக்கு முன்னால கந்தம்மாள்னு ஒரு பொம்பள தொட்டி கழுவ எறங்குச்சுங்க. நாந்தான் மேல நின்னு கூப்புட்டுட்டு இருந்தேன். பதில் வந்துட்டேதான் இருந்துச்சு. பொழுதெறங்க ஏன் இன்னும் ஏறலைன்னு போய்ப் பாத்தா, காலைலயே செத்து வெறச்சுக் கெடக்குதுங்க."

"அப்ப நாள் முழுக்க உங்களுக்குப் பதில் சொன்னது?"

"கந்தம்மா இல்லீங்க. அது யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

இதை நான் ஜெயாவிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவள் பாதி ஆளாக இருந்தாள். ரஞ்சனி பிழைத்துவிட்டாள், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ரஞ்சனி வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் ஆயின. படத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நாள் பதிவு செய்த ஒலியைப் பயன்படுத்த எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. ரஞ்சனியின் வசனத்தை மட்டும் மறுபடி பதிவு செய்துவிடலாம், இருப்பது ஒரே ஒரு வார்த்தைதானே என்று நானும் ஜெயாவும் அவள் வண்டியில் இளம்பிள்ளைக்குப் போனோம்.

மத்தியான நேரம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். ரஞ்சனியின் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வா சாமி, வா கண்ணு. மேல ரூம்புலதான் இருக்கா. காப்பி போடறேன், குடிச்சிட்டுத்தான் போகோணும்."

"எப்படிம்மா இருக்கா?" என்றாள் ஜெயா.

"நல்லாத்தான் இருக்கா. முந்தியெல்லாம் பத்துவாட்டி கூப்புட்டாத்தான் 'என்னம்மா'ன்னு ஒரு சத்தம் வரும். இப்ப கூப்புட்ட ஒடனே பதில் வந்துருது." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆளுதான் எறங்கி வர மாட்டீங்கறா. சாப்பாடும் எறங்க மாட்டீங்குது."

ஜெயா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

அறையில் நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை வந்திருந்தது. ரஞ்சனி கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கரும்புச் சாறு வாங்கி வந்திருந்தோம். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

காலர் மைக்கைக் கொடுத்தேன். குத்திக்கொண்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பூமை அவள் முன்னால் பிடித்தேன். வலது காதில் மின்விசிறி, தறி, கீழே பாத்திரம் கழுவும் சத்தம். இடது காதில் ஒன்றுமே இல்லை. கனமாக, காதைப் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி.

"ரெடியா?" என்றாள் ஜெயா. "ரஞ்சனி!"

"இருக்கறேன்!"

வலது காதில் மட்டும்.

அவள் வாய் அசைந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மைக் அவள் வாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அறைக்குள் வந்ததிலிருந்து அந்த விசில் சத்தம் கேட்கவில்லை.

நினைத்த மாத்திரத்தில் கேட்டது.

இடது காதில். சன்னமாக, திக்கித் திக்கி.

பிறகு ஒரு குரல். பேசிப் பேசி ஓய்ந்துபோன குரல்.

"தௌசீப்... ரோலிங்லதான இருக்குது? ஜெயா ஏன் இன்னும் கட் சொல்ல மாட்டீங்கறா?"

நான் ஹெட்போனைக் கழற்றி ஜெயாவின் காதில் வைத்தேன். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனதைப் பார்த்தேன். அன்றைக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. கத்தினோம், அழுதோம், தூக்கினோம், வேனில் போட்டுக்கொண்டு பறந்தோம். யாரும் கட் சொல்லவில்லை.

"கட்!" என்று அலறினாள் ஜெயா. "கட் ரஞ்சனி! கட்! வெளிய வந்துரு!"

காலர் மைக் அங்கிருந்து இங்கே கொண்டுவரும். இங்கிருந்து அங்கே எதையும் கொண்டுபோகாது. அது ஜெயாவுக்கும் தெரியும். ஹெட்போனைப் பிய்த்து என் மேல் எறிந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த ஆலைக்குப் போகிறாள். அங்கே போய் அந்தச் செம்மண் மேல் நின்று எவ்வளவு கத்தினால் கீழே கேட்கும்?

"ரஞ்சனி, என்ன சாமி சத்தம்?" கீழேயிருந்து அம்மா கூப்பிட்டார்.

"இருக்கறேன்!" என்றது கட்டிலில் இருந்தது. என் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு ஹெட்போனை விட மனசு வரவில்லை. எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றுதான் தோன்றியது.

கட்டிலில் இருந்தது கையை உயர்த்தி, காலரில் இருந்த மைக்கைக் கழற்றி, அதன் சுவிட்சைத் தேடிப் பிடித்து நகர்த்தியது. பச்சை விளக்கு அணைந்தது. மைக்கை என் பக்கம் நீட்டியது. புளித்த வாசம் வந்தது.

இடது காதில் விசில் நிற்கவில்லை.

"தௌசீப்... நம்ம படத்துல நைட் சீனே கிடையாதுன்னுதான ஜெயா சொன்னா? அப்புறம் ஏன் இவ்வளவு இருட்டா இருக்குது?"